கேமராவோடு சிங்கப்பூர் சைனாடவுன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஊரிலிருந்து யார் வந்தாலும் ஒரு சனிக்கிழமை காலை அவர்களைச் சைனாடவுனுக்கு நடத்திக் கூட்டிப்போவது எங்கள் வீட்டு வழக்கமாகிவிட்டது. கழுத்தில் கேமரா தொங்கும் ஆள் என்றால் கேள்விகளும் கூடவே வரும், அதுவும் அதே கேள்விகள். ஒவ்வொரு முறையும் வாயால் சொல்வதற்குப் பதில் ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளை அவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

சைனாடவுன் எங்கே ஆரம்பிக்குது, எங்கே முடியுது?

எல்லை காட்ட வாசலோ வளைவோ கிடையாது. கிரேத்தா ஆயர், தெலுக் ஆயர், புக்கிட் பாசோ, தஞ்சோங் பகார் என்ற நான்கு பகுதிகளைச் சேர்த்துத்தான் சைனாடவுன் என்கிறார்கள். பழைய கட்டடங்களை இடிக்கக்கூடாது என்று 1989இல் பாதுகாப்புப் பகுதியாக அறிவித்ததும் இந்த நான்கையும்தான். முதல்முறை வருகிறவர்கள் முதல் இரண்டை மட்டும் பார்த்தால் போதும். நிற்காமல் நடந்தால் இருபது நிமிடத்தில் முடிந்துவிடும் தூரம். கேமராவோடு நடந்தால் அரை நாளும் பத்தாது.

சிங்கப்பூர்ல முக்கால்வாசி பேரு சீனர்கள்தானே, அப்புறம் தனியா ஒரு சைனாடவுன் எதுக்கு?

நியாயமான சந்தேகம். பிரிட்டிஷ் அதிகாரி ராஃபிள்ஸ் 1822இல் வகுத்த நகரத் திட்டத்தில் ஒவ்வொரு இனத்துக்கும் ஓரிடம் ஒதுக்கினார்கள். சிங்கப்பூர் ஆற்றுக்குத் தென்மேற்கே சீனர்கள் என்று ஆனது. அதற்குள்ளும் பேச்சு மொழிவாரியாகப் பிரிந்துகொண்டார்கள். தெலுக் ஆயர் பக்கம் ஹொக்கியன்காரர்கள், கிரேத்தா ஆயர் பக்கம் கன்டோனியர்கள்.

சீனர்கள் இந்த இடத்தை 'நியூ சே ஷுய்' என்பார்கள். மாடு, வண்டி, தண்ணீர் என்று மூன்று சொல். மலாயில் கிரேத்தா ஆயர் என்றாலும் தண்ணீர் வண்டிதான். ஆன் சியாங் ஹில், ஸ்பிரிங் ஸ்ட்ரீட் கிணறுகளிலிருந்து மாட்டு வண்டியில் தண்ணீர் கொண்டுவந்து விற்ற காலத்துப் பெயர். ரயில் நிலையப் பலகையில் தமிழில் வெறுமனே 'சைனாடவுன்' என்று இருப்பதைப் பார்க்கும்போதெல்லாம், 'தண்ணிவண்டி' என்று எழுதியிருக்கலாமே என்று எனக்குத் தோன்றும்.

மாரியம்மன் கோயில் எப்படிங்க சைனாடவுனுக்கு நடுவுல வந்துச்சு?

எல்லாரும் கேட்பது இதைத்தான். பினாங்கிலிருந்து 1819இல் ராஃபிள்ஸுடன் வந்த நாராயண பிள்ளை தஞ்சோங் பகாரில் செங்கல் சூளை போட்டவர், கட்டடக் குத்தகை எடுத்தவர். கோயிலுக்கு முதலில் தெலுக் ஆயரில் இடம் கொடுத்தார்கள். அங்கே பூசைக்கு நல்ல தண்ணீர் கிடைக்கவில்லை. கடைசியில் சவுத் பிரிட்ஜ் ரோட்டில் இடம் அமைந்து, 1827இல் மரமும் கூரையுமாக ஸ்ரீ மாரியம்மன் கோயில் எழுந்தது. இன்று நாம் பார்க்கும் கோபுரம் 1925இல் கட்டியது.

ஆகவே கோயில் சைனாடவுனுக்குள் வந்து உட்காரவில்லை. இரண்டும் சேர்ந்தே வளர்ந்தன. பக்கத்துத் தெருக்களின் பெயரே சாட்சி. பகோடா ஸ்ட்ரீட்டின் 'பகோடா' நம் கோபுரம்தான். டெம்பிள் ஸ்ட்ரீட்டும் இதே கோயிலைத்தான் சொல்கிறது. மோஸ்க் ஸ்ட்ரீட் என்பது சூலியா முஸ்லிம்கள், அதாவது சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்கள், 1826இல் தொடங்கிய ஜாமியா பள்ளிவாசலைக் குறிப்பது. சைனாடவுனின் மூன்று முக்கியத் தெருக்களுக்குப் பெயர் கொடுத்தது தமிழர்கள் கட்டிய இரண்டு கட்டடங்கள்!

எத்தனை மணிக்குப் போனா நல்லா இருக்கும்?

காலை ஏழேகாலுக்கு. இங்கே வருடம் முழுக்கச் சூரியன் ஏழு மணி வாக்கில் உதித்து ஏழு மணி வாக்கில் மறையும். ஊர்ப் பழக்கத்தில் ஐந்தரைக்கே எழுந்து வந்து இருட்டில் நின்றவர்களும் உண்டு. உச்சிவெயில் ஒரு மணிக்கு. அப்போது நேராகத் தலைக்கு மேலே அடிக்கும், முகத்தில் கண் இருக்கும் இடம் கறுப்புக் குழியாக விழும்.

மாரியம்மன் கோபுரத்தின் முகப்பும், பிறகு சொல்லப்போகும் தியான் ஹொக் கெங் கோயிலின் முகப்பும் கிழக்குப் பக்கம் பார்த்தவை. காலை இளவெயிலில் சுதைச் சிற்பம் ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் நிழல் விழுந்து உருவம் புடைத்துத் தெரியும். மாலையில் அதே கோபுரம் வானத்துக்கு முன்னால் வெட்டிய அட்டை மாதிரி தட்டையாக நிற்கும். மாலைக்கு வருகிறீர்கள் என்றால் ஏழேகாலுக்கு மேல் வாருங்கள். வானம் நீலம் குறையாமல் இருக்கும்போதே விளக்குகள் எரியத் தொடங்கும் அந்த இருபது நிமிடம்தான் கணக்கு.

எங்கிருந்து ஆரம்பிக்கணும்? ஒரு வழி சொல்லுங்க.

சைனாடவுன் எம்ஆர்டி ரயில் நிலையத்தில் 'ஏ' வாசலில் ஏறினால் நேராகப் பகோடா ஸ்ட்ரீட்டில் விடும். கடைகள் திறந்திருக்காது. அது நல்லதுதான், கடை விரித்துவிட்டால் காந்தப் பொம்மைகளும் குடைகளும் தெருவை மூடிவிடும். கோபுரத்தை முடித்துக்கொண்டு திரெங்கானு ஸ்ட்ரீட் வழியாகச் சைனாடவுன் காம்ப்ளெக்ஸின் கீழ்த்தளத்தில் மீனும் காய்கறியும் விற்கும் ஈரச்சந்தைக்கு எட்டு மணிக்குள் போய்விடுங்கள். திங்கட்கிழமை வேண்டாம், பாதிக் கடைகள் மூடியிருக்கும். பிறகு சவுத் பிரிட்ஜ் ரோட்டைக் கடந்து ஆன் சியாங் ஹில் மேடேறி, அமோய் ஸ்ட்ரீட்டில் இறங்கி, தெலுக் ஆயர் ஸ்ட்ரீட்டில் முடிக்கலாம். அங்கேயே ரயில் நிலையம் இருக்கிறது.

போன் போதுமா, பெரிய கேமரா வேணுமா?

போன் போதும். கேமரா என்றால் 35 எம்.எம். பக்கம் ஒரே ஒரு லென்ஸ். தெருக்கள் குறுகல், பின்னால் நகர இடம் இருக்காது. போனில் எடுப்பவர்கள் எல்லாரும் செய்யும் தவறு ஒன்று உண்டு. கட்டடத்துக்கு அடியில் நின்று போனை மேலே சாய்ப்பார்கள், கட்டடம் பின்னால் விழுவது மாதிரி வரும். எதிர்ச்சாரிக்குப் போய், போனை நேராகப் பிடித்து எடுங்கள். கீழே தெரு கொஞ்சம் அதிகமாக வந்தால் வரட்டும், வீட்டுக்குப் போய் வெட்டிக்கொள்ளலாம்.

கேமராவை வெளியே எடுத்ததும் எல்லாம் புகை மாதிரி தெரியுதே, ரிப்பேரா?

இல்லை. ஏசி அறையில் இரவெல்லாம் குளிர்ந்த கண்ணாடியில் வெளிக்காற்றின் ஈரம் படிகிறது. வெயில் காலத்தில் ஐஸ் தண்ணீர் டம்ளருக்கு வெளியே வேர்ப்பது போலத்தான். துடைத்தால் மறுபடி படியும். சட்டை முனையால் துடைத்து லென்ஸில் கீறல் போட்டுக்கொண்டது என் சொந்த அனுபவம். பைக்குள்ளேயே மூடி வைத்து இருபது நிமிடம் வெளிச்சூட்டுக்குப் பழகவிடுங்கள். கிளம்புவதற்கு முன்பே ஏசி இல்லாத பால்கனியில் பையை வைத்துவிட்டால் அந்த நேரமும் மிச்சம்.

வீடுங்க எல்லாம் ஒரே மாதிரி இருக்கே, எதைப் பார்க்கிறது?

கீழ்த்தளத்தை விட்டுவிட்டு முதல் மாடியைப் பாருங்கள். இவற்றுக்குக் கடைவீடு என்று பெயர். கீழே வியாபாரம், மேலே குடியிருப்பு. தெருவைப் பார்த்த பக்கம் குறுகலாகவும் உள்ளே நீளமாகவும் ரயில் பெட்டி போல இருக்கும். நீளத்தின் நடுவில் காற்றுக்கும் வெளிச்சத்துக்கும் ஒரு திறந்த முற்றம். செட்டிநாட்டு வீடு பார்த்தவர்களுக்கு உடனே புரியும்.

வயதைக் கண்டுபிடிப்பது ஒரு விளையாட்டு. ஆரம்பகாலக் கடைவீடு குட்டையாக, இரண்டே மாடியில், ஒன்றிரண்டு சன்னலோடு, அலங்காரமில்லாமல் இருக்கும். 1900க்குப் பிறகு பணம் வந்தது, பூ வேலை ஏறியது. மாடியில் மூன்று சன்னல்கள் நெருக்கிக்கொண்டு நிற்கும், நடுவே ரோமானியத் தூண், கீழே பூப்போட்ட பீங்கான் ஓடு, மேலே மலாய் வீடுகளில் இருப்பது போன்ற மரச் சரிகை. 1930களில் அத்தனையும் சலித்துப்போய் நேர்க்கோடும் வளைவுமாக 'ஆர்ட் டெக்கோ' வந்தது. அவற்றின் நெற்றியில் பெரும்பாலும் கட்டிய வருடமே எழுதியிருக்கும். இந்த மூன்றும் தோளோடு தோள் ஒட்டி நிற்கும் இடத்தைத் தேடிப்பிடித்து ஒரே படத்துக்குள் கொண்டுவந்தால் அந்த நாள் வீண் போகவில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

கீழே விடக்கூடாதது ஒன்றே ஒன்று, ஐந்தடிப் பாதை. ஒவ்வொரு கடைக்கு முன்னாலும் கூரை போட்ட நடைபாதை விடவேண்டும் என்பது மேலே சொன்ன 1822 திட்டத்திலேயே இருக்கிறது. மதியம் வேறு வழியில்லாமல் வந்தவர்களுக்கு இதுதான் தஞ்சம். வெயில் தெருவில் பட்டுத் தெறித்து உள்ளே மெதுவாகப் பரவும், முகம் எடுக்க அதைவிட நல்ல வெளிச்சம் கிடையாது.

எல்லாம் புதுசா பெயின்ட் அடிச்சு வெச்சிருக்காங்களே, இது நிஜமா, செட்டா?

கட்டடம் நிஜம், பூச்சு புதிது. தெருவில் இருந்த உணவுக் கடைகளையும் சந்தைக் கடைகளையும் 1983இல் சைனாடவுன் காம்ப்ளெக்ஸுக்குள் மாற்றினார்கள், குடியிருந்தவர்கள் அடுக்குமாடி வீடுகளுக்குப் போனார்கள், காலியான கடைவீடுகளைப் புதுப்பித்தார்கள். பழையது என்று நினைத்து எல்லாரும் மாய்ந்து மாய்ந்து எடுக்கும் புத்தர் பல் கோயில் 2007இல் திறந்தது. தாங் அரசகாலப் பாணியில் கட்டியதால் கண் ஏமாறுகிறது.

பகோடா ஸ்ட்ரீட்டில் படம் எடுப்பது எனக்கு அலுத்துவிட்டது என்பதை ஒப்புக்கொள்கிறேன். வாழ்க்கை இடம் மாறிப் போயிருக்கிறது, அவ்வளவுதான். அது இப்போது இருப்பது அழகில்லாத அந்தக் காம்ப்ளெக்ஸ் கட்டடத்துக்குள். ஈரச்சந்தையில் விலாங்கு தொட்டியில் நெளியும், ரப்பர் பூட்ஸ் போட்ட பாட்டி குழாயால் தரையைக் கழுவுவார், சிவப்பு பிளாஸ்டிக் விளக்குக்கூட்டின் வெளிச்சம் மீன் செதிலில் பட்டு மின்னும். அந்தச் சிவப்பை போன் தானாகச் 'சரி' செய்து வெளிறடித்துவிடும், வெள்ளைச் சமநிலையை (ஒயிட் பேலன்ஸ்) நீங்களே பிடித்து வையுங்கள்.

செஸ் ஆடுற தாத்தாக்களைப் படம் எடுக்கலாமா?

காம்ப்ளெக்ஸுக்கும் புத்தர் பல் கோயிலுக்கும் நடுவில் இருக்கும் கிரேத்தா ஆயர் சதுக்கத்தில் ஆடுகிறார்களே, அவர்களைத்தானே? அது சியாங்சி என்னும் சீனச் சதுரங்கம். பலகையின் குறுக்கே ஓர் ஆறு ஓடும். யானைக் காய் அந்த ஆற்றைத் தாண்டாது.

எடுக்கலாமா என்றால், சட்டம் தடுக்காது. மரியாதை தடுக்கும். முதல்முறை நான் பத்தடி தள்ளி நின்று எடுத்தேன். ஆடிக்கொண்டிருந்தவர் தலை நிமிராமலே உள்ளங்கையை மட்டும் என் பக்கம் விரித்துக் காட்டினார். கேமராவை இறக்கிவிட்டு ஒரு முழு ஆட்டம் நின்று பார்த்தேன். சுற்றி நின்ற பத்துப் பேரும் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள், நம்மூர்த் திண்ணையில் தாயம் ஆடும்போது நடப்பதுதான். ஆட்டம் முடிந்ததும் "அங்கிள், போட்டோ, கேன்?" என்று கேட்டேன். "ஹேண்ட் கேன், ஃபேஸ் நோ" என்றார். காயைத் தூக்கிக்கொண்டு அரைநொடி தயங்கும் அந்தக் கை எனக்குக் கிடைத்தது, முகத்தைவிட நன்றாகவே வந்தது. சிங்கப்பூரில் 'கேன்' என்ற ஒற்றைச் சொல்லை வைத்துப் பாதி வேலையை முடித்துவிடலாம்.

கோயிலுக்குள்ள எடுக்க விடுவாங்களா?

பொதுவாக விடுவார்கள். வாசல் பலகையை முதலில் படியுங்கள், விதி அவ்வப்போது மாறும். மாரியம்மன் கோயிலில் கேமராவுக்குக் கட்டணம் வாங்கிய காலமும் உண்டு. கருவறையை எடுக்கக்கூடாது என்று தமிழர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. புத்தர் பல் கோயிலில் நாலாம் மாடிக் கருவூலத்தில் 320 கிலோ தங்கத்தில் செய்த தூபி இருக்கிறது, அங்கே படமெடுக்க அனுமதி இல்லை. ஜாமியா பள்ளிவாசலில் கால் கை மூடிய உடை வேண்டும், தொழுகை நேரத்தில் உள்ளே போய் நிற்காதீர்கள். வெளியிலிருந்தே ஒரு நல்ல படம் உண்டு. இரண்டு எண்கோண மினாராக்களுள்ள வாசல், தெருவுக்கு இணையாக நிற்கும். தொழுகைக் கூடமோ மக்காவை நோக்கிக் கோணலாகத் திரும்பியிருக்கும். எதிர்ச்சாரியிலிருந்து அந்தத் திருப்பம் தெரியும்.

சீனக் கோயில் வாசற்படி முழங்கால் உயரத்துக்கு இருக்கும். அதை மிதிக்காமல் தாண்டிப் போகவேண்டும். படமெடுக்க அதன்மேல் ஏறி நிற்பது, நம் கோயில் பலிபீடத்தில் ஏறி நிற்பதற்குச் சமம்.

தெலுக் ஆயர் வரைக்கும் போகணுமா? வெயில் ஏறிடுச்சே.

போகவேண்டும். பாதி வழியில் திரும்ப வேண்டுமென்றால் பகோடா ஸ்ட்ரீட்டை விட்டுவிடுங்கள், இதை விடாதீர்கள்.

இந்தத் தெரு ஒரு காலத்தில் கடற்கரை. 1880களில் கடலைத் தூர்த்த பிறகுதான் தண்ணீர் தள்ளிப் போனது. கப்பலிலிருந்து உயிரோடு இறங்கியவன் முதலில் செய்தது நன்றி சொன்னதுதான். ஹொக்கியன் சீனர்கள் கடல் அன்னை மாசுவுக்கு 1839இலிருந்து 1842க்குள் தியான் ஹொக் கெங் கோயிலைக் கட்டினார்கள். தமிழ் முஸ்லிம்கள் அதற்கு முன்பே, 1828–30இல், நாகூர் ஷாகுல் ஹமீது ஆண்டகைக்கு இங்கே ஒரு நினைவு தர்காவை எழுப்பிவிட்டார்கள். அவரும் கடலோடிகளைக் காப்பவர். தர்காவின் கதவு எண் 140, மாசு கோயில் 158. இன்னும் கொஞ்சம் நடந்தால் 192இல் அல்-அப்ரார் பள்ளிவாசல். குடிசையாகத் தொடங்கியதால் அதற்குத் தமிழில் குச்சுப் பள்ளி என்றே பெயர்.

மாசு கோயிலுக்குள் இரண்டு இடத்தில் அண்ணாந்து பாருங்கள். சீனச் சக்கரவர்த்தி 1907இல் அனுப்பிய எழுத்துச் சுருளின் வாசகம் பலகையாகத் தொங்கும், தென்கடலில் அலைகள் அடங்கட்டும் என்று பொருள். உத்தரத்துக்கு அடியில் பாரம் தாங்கி நிற்கும் மர உருவங்களில் சில சீன முகமாக இருக்காது, இந்திய முகச்சாயல் தெரியும். உள்ளே இருட்டு. கேமராவின் ஒளி உணர்திறனை, அதாவது ஐஎஸ்ஓவை, 3200க்கு ஏற்றுங்கள், ஃப்ளாஷ் போடவே வேண்டாம்.

சுவரோவியங்கள் எல்லாம் எங்க இருக்கு?

பெரும்பாலானவை இப் யூ சோங் வரைந்தவை. கணக்காளராக இருந்தவர், சைனாடவுனிலேயே வளர்ந்தவர். ஸ்மித் ஸ்ட்ரீட், டெம்பிள் ஸ்ட்ரீட், முகமது அலி லேன் என்று சிதறிக் கிடக்கின்றன. பெரியது தியான் ஹொக் கெங் கோயிலின் பின்சுவரில், அமோய் ஸ்ட்ரீட் பக்கம். 44 மீட்டர் நீளம், 2017இல் வரைந்தது, குடியேற்றக் கதை முழுவதையும் சொல்லும். ஓவியத்தின் முன்னால் சாய்ந்து நின்று எடுத்துக்கொள்ளும் படங்கள் உலகத்தில் போதுமான அளவு இருக்கின்றன. அதைக் கவனிக்காமல் கடந்து போகும் ஆளுக்காகக் காத்திருங்கள்.

சைவம் கிடைக்குமா?

புத்தர் பல் கோயிலின் கீழ்த்தளத்தில் சைவச் சாப்பாட்டுக் கூடம் இருக்கிறது. சைனாடவுன் காம்ப்ளெக்ஸ் மாடியில் 200க்கும் மேற்பட்ட கடைகளில் சீனச் சைவக் கடைகளும் உண்டு, வெங்காயம் பூண்டு கூட இருக்காது. மேசைமேல் டிஷ்யூ பாக்கெட் கிடந்தால் அது யாரோ பிடித்து வைத்த இடம். சாப்பிட்ட தட்டை நீங்களே கொண்டுபோய் வைக்கவேண்டும், இல்லாவிட்டால் அபராதம்.

திருவிழா சமயத்துல வர்றது நல்லதா?

சீனப் புத்தாண்டுக்கு மூன்று நான்கு வாரம் முன்பே நியூ பிரிட்ஜ் ரோடும் யூ தோங் சென் ஸ்ட்ரீட்டும் விளக்கு அலங்காரத்தில் இருக்கும். கடைசி வார இறுதியில் தெருச்சந்தைக்குள் கை தூக்க இடமிருக்காது. புத்தாண்டன்றே வந்தால் கடைகள் மூடியிருக்கும்.

எனக்குப் பிடித்தது தீமிதி. தீபாவளிக்குச் சுமார் ஒரு வாரம் முன்பு, சிராங்கூன் ரோடு பெருமாள் கோயிலிலிருந்து கிளம்பும் பக்தர்கள் நான்கு கிலோமீட்டர் நடந்து மாரியம்மன் கோயிலில் பூ மிதிப்பார்கள். குழிக்குப் பக்கத்தில் போக ஆசைப்படாதீர்கள். சிவப்பு விளக்குச் சரம் தொங்கும் கடைவீடுகளுக்குக் கீழே மஞ்சள் வேட்டி வரிசை நகர்வதுதான் இந்த ஊரின் படம்.

ஒரு மாசம் ரோட்டோரம் காகிதம் எரிச்சாங்க, சாப்பாடு வெச்சிருந்தாங்க. அதை எடுக்கலாமா?

அது சீன நாட்காட்டியின் ஏழாம் மாதம், ஆகஸ்ட் வாக்கில் வரும். செத்தவர்கள் வெளியே வந்து உலவும் மாதம் என்பது நம்பிக்கை. தரையில் வைத்த படையலைத் தாண்டாதீர்கள், நல்ல கோணத்துக்காக ஊதுபத்தியை நகர்த்தாதீர்கள். எரிப்பவரிடம் மேலே சொன்னபடி 'கேன்?' கேட்டுவிட்டு, நெருப்பை எடுங்கள், அழுகிற முகத்தை விடுங்கள். 'கேத்தாய்' என்ற மேடைக் கச்சேரியில் முன்வரிசை நாற்காலிகள் காலியாக இருக்கும். படமெடுக்க வசதி என்று ஒரு நண்பர் போய் உட்கார்ந்துவிட்டார். அது ஆவிகளுக்கு ஒதுக்கியது என்று ஓர் ஆன்ட்டி வந்து சொன்னதும் அவர் எழுந்த வேகம் எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது.

போலீஸ் பிடிக்குமா? ட்ரோன் விடலாமா?

பொது இடத்தில் சொந்தத்துக்கு எடுத்தால் யாரும் கேட்கமாட்டார்கள். படமெடுக்கத் தடை என்று பலகை உள்ள பாதுகாக்கப்பட்ட இடங்கள் மட்டும் விலக்கு. முக்காலியை ஐந்தடிப் பாதையில் விரித்து வழி மறிக்காதீர்கள். ட்ரோனை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். நகர மையத்தில் அனுமதி இல்லாமல் பறக்கவிட முடியாது.

சாகோ லேன்ல பேய் இருக்குன்னு சொல்றாங்களே, அங்க எடுக்க என்ன இருக்கு?

ஒன்றுமில்லை. சொன்னால் ஏமாற்றமாக இருக்கும், புத்தர் பல் கோயிலை ஒட்டிய துண்டுத் தெரு அது, அவ்வளவுதான். ஆனால் கன்டோனியர்கள் அதைச் 'செத்தவர் தெரு' என்றார்கள். ஓர் அறையைப் பலகையால் பல துண்டாக்கிக் குடியிருந்த கூலிகளுக்கும் வீட்டு வேலைக்காரப் பெண்களுக்கும் அந்தப் பொந்தில் சாக இடமில்லை, வீட்டில் சாவு விழுந்தால் ஆகாது என்ற பயமும் இருந்தது. சாகப்போகிறவர்களை இந்தத் தெருவின் சாவு வீடுகளில் கொண்டுவந்து கிடத்துவார்கள். மேலே கிடந்தவர்கள் மூச்சுக்குத் திணறும்போதே கீழே சவப்பெட்டியும் காகித வீடும் விற்பனையாகும். 1961இல் அரசாங்கம் தடை செய்தது. பிறகு கட்டடங்களும் போயின.

நான் அங்கே எடுத்தது ஒரே படம். தெருப் பெயர்ப்பலகை, அதற்குக் கீழே மழைக்கு ஒதுங்கிய ஒரு சமையல்காரர், கையில் பாதி குடித்த கோப்பி.